பத்திரிகை யார் கையில்?

(தெமியாங் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்திரிகையைப் பற்றிப் பேசும்படி கிளைக் காரியதரிசி கேட்டுக்கொண்டார். பத்திரிகை என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ்ப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். நான் இன்று பேசப்போவது ஒரு மலாய்ப் பத்திரிகையைப் பற்றி. இந்த நாட்டில் இனம், ஆட்சி, உரிமை என்ற சொற்கள் எந்த அர்த்தத்தில் பேசப்பட வேண்டும் என்பதை முடிவு செய்ததில் எண்பது வருஷ காலம் பெரும் பங்கு அதற்கு உண்டு. அதன் பெயர் உத்துசான்.

"மலாய்க்காரர் தாளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். சம்பந்தம் இருக்கிறது, அண்ணே. அதில் நம்மைப் பற்றி எழுதினார்கள். எழுதியதை நாம் படிக்கவில்லை. அவ்வளவுதான் சம்பந்தம், அதுவே போதுமான சம்பந்தம்.

1939ஆம் வருஷம் மே மாதம் 29ந் தேதி சிங்கப்பூரில் உத்துசான் மெலாயு பிறந்தது. அதற்கு முன்னால் அங்கே பேர் பெற்றிருந்த மலாய்த் தாள், அரபு வம்சத்துச் செல்வர் குடும்பத்தின் கையில் இருந்தது. மலாய்க்காரர் பணத்தில், மலாய்க்காரர் எழுதி, மலாய்க்காரரே நடத்தும் ஒரு தாள் வேண்டும் என்று புறப்பட்டவர்களில் முதல்வர் யூசோப் இஸ்ஹாக். 1965ல் சிங்கப்பூரின் முதல் ஜனாதிபதியானாரே, அவர்தான். பங்குப் பணத்துக்கு அவர்கள் பெரிய முதலாளிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. டாக்சி ஓட்டுகிறவர்கள், குடியானவர்கள், சிறு சம்பள உத்தியோகஸ்தர்கள் ஆகியோரிடம் சென்று பங்கு விற்றார்கள். சங்கச் சந்தா வசூலிக்க லயத்து வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

அது இனத்தின் பெயரால் பிறந்த தாள். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்து மலாய்த் தாள்களில் "அசல் மலாய்க்காரன் யார்?" என்று ஒரு பெரிய வாதம் நடந்தது. அரபு வம்சத்தாருக்கும், இந்திய முஸ்லிம் வம்சத்தாருக்கும் மூன்றெழுத்துச் சுருக்கமாகப் பட்டப்பெயர் வைத்து விலக்கினார்கள். அந்தச் சுருக்கங்களில் ஒன்றின் கடைசி எழுத்து "கெலிங்" என்ற சொல்லைக் குறித்தது. அந்தச் சொல் நம் காதுக்குப் புதிதில்லை.

ஆனால் அந்த வாதம் நடந்ததே நம்மவர்களுக்குத் தெரியாது. காரணம் எழுத்து. உத்துசான் மெலாயு ஜாவி எழுத்தில் வந்தது. சந்தையில் மலாய் பேசுவோம். கம்போங்குக்காரரோடு மலாயில் விலை பேசுவோம். ஜாவியில் ஒரு வரி படிக்க நம்மில் ஆளில்லை. ரூமி எழுத்தில் உத்துசான் மலேசியா வெளிவந்தது 1967 செப்டம்பர் 1ந் தேதி. ஆக, 28 வருஷ காலம் பக்கத்து வீட்டுக்காரன் நம்மைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் தினமும் எழுதிக்கொண்டிருந்தான். நாமோ அவன் எழுதியதை யாரோ சொல்லக் கேட்டோம். யார் சொல்லக் கேட்டோம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆங்கிலத் தாள் மூலமாகவோ, ஆபீசுப் பேச்சு மூலமாகவோ, அரசியல் மேடை மூலமாகவோ கேட்டோம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத்தான் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், பிரஜாவுரிமைக் கதையைச் சொல்லுவேன். 1946 ஏப்ரல் 1ந் தேதி வெள்ளைக்காரர்கள் மலாயன் யூனியனைக் கொண்டுவந்தார்கள். இங்கு குடியேறியவர்களுக்கும் பிரஜாவுரிமை ஓரளவு தாராளமாகக் கிடைக்கும் என்பது அந்தத் திட்டத்தின் ஓர் அம்சம். மலாய் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சுல்தான்களின் அதிகாரம் பறிபோகிறது, நாடு கைவிட்டுப் போகிறது என்று மலாய்ப் பத்திரிகைகள் எழுதின, உத்துசானும் எழுதியது. அவர்கள் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுல்தான்களிடம் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கிய விதம் அப்படி. ஆனால் நம்மைப் பற்றிய அந்த வழக்கில் நம் வாக்குமூலம் பதிவாகவில்லை. 1948 பிப்ரவரி 1ந் தேதி மலாயன் யூனியன் போய், பெடரேஷன் வந்தது. பிரஜாவுரிமை வாசல் குறுகியது.

பிறகு வாசல் மறுபடியும் கொஞ்சம் திறந்த காலத்தில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் "பதிவு செய்துகொள்ளுங்கள், பிரஜையாகுங்கள்" என்று ஓயாமல் எழுதினார். ஊர் ஊராகப் பேசினார். கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேளாதவர்கள், கேட்டும் காகிதம் சேகரிக்க முடியாதவர்கள், எத்தனையோ பேர். 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜையல்லாதவருக்கு வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றார்கள். 1969க்குப் பின் அது கடுமையாக நடத்தப்பட்டபோது, சுமார் 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தோட்டப் பாட்டாளிகள். மரம் வெட்டிய கை அவர்கள் கை. மரமும் மண்ணும் இங்கே நின்றன. பத்திரிகை வாதம் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கப்பலை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி 1961க்கு வருகிறேன். நான் பேச எழுந்ததே இதற்காகத்தான்.

1950களில் உத்துசானில் ஒரு புதுத் தலைமுறை வளர்ந்தது. அ. சமாட் இஸ்மாயில் என்ற பத்திரிகாசிரியர் ஒருவர். அவரை 1951ல் வெள்ளைக்கார சர்க்கார் சிறையில் வைத்தது. அவருக்குப் பின் 1959ல் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர் சாயிட் சஹாரி. இவர்களும் மலாய் இனப்பற்று உடையவர்கள்தாம். ஆனால், மலாய்க் குடியானவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்கும்போது, நிலம் யாரிடம், லாபம் யாரிடம், அதிகாரம் யாரிடம் என்றும் கேட்டார்கள். ஆளுங்கட்சிக்குப் பிடிக்காததையும் எழுதினார்கள்.

இதற்கிடையில் பத்திரிகையின் பங்குகள் கைமாறின. யூசோப் இஸ்ஹாக் விலகினார். டாக்சிக்காரனிடமும் குடியானவனிடமும் பங்கு விற்றுப் பிறந்த தாள் அம்னோ கட்சியின் பிடிக்குள் வந்தது. 1961 ஜூலையில், கட்சியைச் சேர்ந்த இப்ராஹிம் பிக்ரியை ஆசிரிய பீடத்தின் தலைமைக்கு அனுப்பினார்கள். அதே வருஷக் கடைசியில் திரங்கானு மந்திரி பெசாராக வந்தவர் இவர். கட்சியையும் அரசாங்கத்தையும் தாள் ஆதரித்து எழுதவேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. சாயிட் சஹாரி மறுத்தார்.

ஜூலை 21ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆசிரியர்களும் நிருபர்களும் மட்டும் வெளியே வரவில்லை. அச்சுக்கூடத்தாரும் காரியாலயச் சிப்பந்திகளும் வந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள். கவிஞர் உஸ்மான் அவாங் அவர்களில் ஒருவர். கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தங்கள் நமக்குத் தெரியும். படி கேட்டு, வீடு கேட்டு நடந்தவை தெரியும். இவர்கள் காசு கேட்கவில்லை. நாங்கள் எழுதுவதைக் கட்சி எழுதித் தரக்கூடாது என்று கேட்டார்கள். 93 நாள் வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். நடுவில் சாயிட் சஹாரி சிங்கப்பூருக்குப் போயிருந்த சமயம், மலாயாவுக்குள் திரும்பி வரக்கூடாது என்று தடை போட்டார்கள். தலைவனை வெளியே வைத்துக் கதவைச் சாத்தியதும் போராட்டம் தளர்ந்தது. அக்டோபரில் முடிந்தது. தோல்விதான். பலருக்கு வேலை போயிற்று.

தோழர்களே, இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பத்திரிகை வாசலில் கொடி பிடித்து நின்றவர்கள் மலாய்க்காரர்கள். உள்ளேயிருந்து கதவை அடைத்தவர்களும் மலாய்க்காரர்களே. "மலாய்க்காரரின் குரல்" எது என்பதைப் பற்றி மலாய்க்காரருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த போராட்டம் அது. ஒரு பக்கம் கட்சியும் பங்கும்; மறுபக்கம் எழுதுகோலும் அச்சுக்கூடமும். நம் ஊர்க் கள்ளுக்கடைத் திண்ணையில் "அது மலாய்க்காரன் தாள், அப்படித்தான் எழுதும்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள், அந்த 93 நாள் நின்றவர்களை ஒரே அடியில் அழித்துவிடுகிறார்கள். வென்றவனைத்தான் மலாய்க்காரன் என்று கணக்கில் வைக்கிறார்கள். கிராணி என்ற முறையில் சொல்கிறேன், இது தப்புக் கணக்கு.

சாயிட் சஹாரியின் மிச்சக் கதை சுருக்கமானது. 1963 பிப்ரவரி 2ந் தேதி சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே நாளில் பிடித்தார்கள். அவரும் பிடிபட்டார். விசாரணையின்றி 17 வருஷம். வெளியே வந்தது 1979ல். 2016ல் காலமானார்.

அதே நாளில் பிடிபட்டவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி என்பவரும் ஒருவர். ஜொகூரில் வளர்ந்த, கேரள வம்சத்து மனிதர். அவர் அதற்கு முன்பே, 1950களில் ஒரு தடவை சிறையில் இருந்தபோது, மலாயாப் பொருளாதாரத்தில் உடைமையும் கட்டுப்பாடும் யாரிடம் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1960ல் வெளிவந்தது. சீனன் கையில்தான் நாட்டுச் செல்வம் எல்லாம் இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். அவர் கணக்குகளை எடுத்து வைத்து, பெரிய கித்தாத் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் பெரும் பங்கு ஐரோப்பியக் கம்பெனிகளிடம் இருப்பதைக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: சீன முதலாளிக்குப் பதில் மலாய் முதலாளியை உட்கார வைத்தால் மலாய்க் குடியானவனின் பசி தீராது. ஒரு மலாய்ப் பத்திரிகாசிரியரும் ஒரு மலையாள வம்சத்து எழுத்தாளரும் வெவ்வேறு பாஷையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரே நாளில் சிறைக்குப் போனார்கள். அந்தக் கேள்வி தினப்பத்திரிகையின் முதல் பக்கத்தில் வளர்ந்திருந்தால் பின்னால் வந்த வாதங்கள் வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நம்மவர்கள் வேலையும் லயமும் இழந்தார்கள். உங்கு அசீஸ் என்ற மலாய்ப் பொருளாதார அறிஞர்தான் அதை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஆனால் நம்மவர் வாயில் நின்ற பேச்சு என்ன? "சீனன் வாங்கித் துண்டு போட்டான்." விற்றவன் யார், விற்ற பணம் எந்தச் சீமைக்குப் போயிற்று, நோட்டீசுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் சட்டம் ஏன் இல்லை என்ற பேச்செல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் புதைந்து போயின. வாங்கியவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. விற்றவனும் கணக்கில் வரவேண்டும் என்கிறேன். அப்புறம் 1981 செப்டம்பர் 7ந் தேதி கத்ரி கம்பெனியின் பங்குகளை லண்டன் சந்தையிலேயே நம் நாட்டு நிறுவனம் வாங்கி மடக்கியது. நாட்டுக்குப் பெருமைதான், நானும் மறுக்கவில்லை. துரை மாறினார், மறுநாள் காலையில் பிரட்டு அதே நேரத்துக்குத்தான் நடந்தது.

இப்போது பிற்காலத்துக்கு வருவோம். 1984ல் அச்சகச் சட்டம் வந்தது. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தால்தான் பத்திரிகை நடத்தலாம் என்ற நிலை. 2012 வரையில் அப்படித்தான் இருந்தது. 1987 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தபோது, ஓர் ஆங்கிலத் தாள், ஒரு சீனத் தாள், ஒரு மலாய்த் தாள் ஆக மூன்றின் லைசென்சை நிறுத்தினார்கள்: ஸ்டார், சின் சியூ, வத்தான். உத்துசானுக்கு ஒன்றும் நேரவில்லை. எப்படி நேரும்?

2013ஆம் வருஷம் மே 5ந் தேதி பொதுத் தேர்தல் நடந்தது. ஆளுங்கூட்டணிக்கு 222 இடங்களில் 133 கிடைத்தன. ஆனால் மொத்த வோட்டில் பாதிக்கு மேல் எதிர்க்கட்சிக் கூட்டணிக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து உத்துசான் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கேட்டது: "அப்பா லாகி சீனா மாஹு?" — சீனருக்கு இன்னும் என்ன வேண்டும்?

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அது கேள்வி மாதிரி இருக்கிறது; யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வி. "இன்னும்" என்று சொல்லும்போதே, முன்பே நிறையக் கொடுத்தாயிற்று என்ற தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்லவில்லை; படிக்கிறவர் மனத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டியது. "சீனா" என்ற ஒரே சொல்லில் கோடீஸ்வரனும் சாப்பாட்டுக்கடையில் தட்டுக் கழுவுகிறவனும் ஒருவராகிவிடுகிறார்கள். பட்டணங்களில் எதிர்க்கட்சிக்கு வோட்டுப் போட்ட மலாய்க்காரர்கள் காணாமல் போகிறார்கள். நாம் இருக்கிறோமா? தேடினாலும் கிடைக்கமாட்டோம்.

அதே 2013ஆம் வருஷம் ஜனவரி 1ந் தேதிதான் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. மலாய்க்காரத் தொழிலாளி, சீனத் தொழிலாளி, நாம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லோருடைய அடுப்பையும் தொட்ட விஷயம் அது. "தொழிலாளிக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று ஒரு பத்திரிகை அவ்வளவு பெரிய எழுத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்ல நம்மிடம் ஆளுண்டு, கணக்குமுண்டு. அதை யாரும் கேட்கவில்லை.

2019 அக்டோபர் 9ந் தேதி உத்துசான் அச்சு நின்றது. ஆட்சி மாறியதும் கட்சி ஆதரவு வற்றிப்போயிற்று. எண்ணூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சம்பளப் பாக்கி வேறு. 1961ல் வாசலில் நின்றவர்களைப் போலவே இவர்களும் தொழிலாளிகள்தாம். அவர்கள் எழுதியதற்காகச் சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். அச்சுக் கோத்தவன் தலைப்பைத் தீர்மானிக்கவில்லை. 2020ல் வேறு நிர்வாகத்தின் கீழ் உத்துசான் மலேசியா மறுபடி வெளிவரத் தொடங்கியது.

மலாய்த் தாளைப் பற்றி மட்டும் பேசி நம் வீட்டை மறந்துவிட்டால் நியாயமாகாது. 1924ல் பிறந்த தமிழ் நேசன் 2019 பிப்ரவரி 1ந் தேதி மூடப்பட்டது. உத்துசான் நின்ற அதே வருஷம். நெடுங்காலம் அது ம.இ.கா. தலைவர்களின் குடும்பத்தார் கையில் இருந்தது. கட்சிச் சண்டை வந்தால் தாளில் யார் படம் வரும், யார் படம் வராது என்று நம்மவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதே தமிழ் நேசனில் 1930களின் கடைசியில் உதவியாசிரியராகச் சேர்ந்தவர் ஆர். எச். நாதன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, 1941ல் தோட்டப் பாட்டாளிகளைத் திரட்டினார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இந்தக் கோரிக்கைகளைப் பாருங்கள். "சீனனுக்கு ஏன் அதிகம்?" என்று அவர் பொறாமை கிளப்பவில்லை, "அவனுக்குள்ள கூலி எனக்கும் கொடு" என்று துரையைப் பார்த்துக் கேட்கச் செய்தார். மே 6ந் தேதி நாதனைக் கைது செய்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பாட்டாளிகள் மாண்டார்கள். ஆபத்து என்று அதிகாரிகள் எதைக் கருதினார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

இன்றைய நிலைமை என்ன? நம் பக்கத்து லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளத்தாரும் இருக்கிறார்கள். இப்போது அவர்களைப் பற்றித் தமிழிலும் மலாயிலும் எழுதப்படுகிறது, அவர்கள் படிப்பதில்லை. வந்தேறி, கூலியைக் குறைப்பவன், திருட்டுக்குக் காரணம் என்று கைப்பேசியில் ஒருவரித் தலைப்பு ஓடிவருகிறது, செய்தி வருவதில்லை. நம்மவர்கள் அதை அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒருகாலத்தில் ஜாவியில் நம்மைப் பற்றி எழுதியபோது நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். தாளைக் கையில் வைத்திருக்கிறவர்கள் நாம். கூலியைக் குறைத்தது யார், ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்தது யார், பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டியது யார் என்று நம் கிளையிலாவது கேட்கிறோமா?

ஆபீசில் மாதக் கணக்கு எழுதும்போது ஆட்களை இனவாரியாகப் பிரித்து எழுதும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. கூலியையே அவன் இனவாரியாகத்தான் வைத்திருந்தான். பால் நிறுக்கிற தராசுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதிகம் பேசிவிட்டேன். தலைவர் மணியைப் பார்க்கிறார். என் தீர்மானத்தைச் சொல்லி முடிக்கிறேன். கிளைப் பணத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் ஒரு தமிழ்த் தாளும் ஒரு மலாய்த் தாளும் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் இரண்டையும் உரக்கப் படிக்க வேண்டும். மலாய்த் தாளைப் படிக்க ஐந்தாம் பாரம் முடித்த நம் பிள்ளைகளில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள்தாம் நன்றாகப் படிக்கிறார்கள், அவர்களையே கேட்போம். ஒரே செய்தி இரண்டு தாளிலும் எப்படி வந்திருக்கிறது, எந்தத் தாளில் வரவே இல்லை, ஒவ்வொரு தாளுக்கும் உடையவர் யார் என்பதைக் கிளை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நோட்டு எழுதுகிற வேலையை நானே செய்கிறேன். பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழர்களையும் கூப்பிட வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன்.

இதை முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்திருக்கலாம்.